பதினைந்தாவது பெயர்

பதினைந்து பேர் சேர்ந்தால்தான் ஒரு விருப்பப் பாடம் நடக்கும் என்பது அந்தக் கல்லூரியின் இயந்திரவியல் துறையில் விதி. பதினாலு பேர் என்றால் பாடம் ரத்து. அந்தப் பதினாலு பேரும் எங்கே இடம் மிச்சமிருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

வெல்டர் மகளுக்கு வேண்டியிருந்தது அதிர்வியல். டர்பைன் செய்கிற கம்பெனி ஒன்று ஆள் எடுக்க வரப்போகிறது. அதிர்வியல் படித்தவர்களை மட்டும்தான் நேர்காணல் அறைக்குள்ளேயே விடும். அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர் யாருமில்லை. சிபாரிசுக்குப் போன் போட ஒரு மாமாகூடக் கிடையாது. ஆகவே ஒரு வாரம் வகுப்பறை, கேன்டீன், பஸ் நிறுத்தம் என்று அலைந்து ஆள் பிடித்தாள். "அந்தக் கணக்கு குடலை உருவிடும்டி" என்று ஓடியவர்கள் போக, அவளையும் சேர்த்துப் பதினாலு பேர் தேறினார்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பதிவு மூடிவிடும். மணி பதினொன்றே கால்.

மிச்சமிருந்தது தாத்தா ஒருவன்தான்.

தாத்தாவுக்கு வயது இருபத்தைந்து. நாலு வருடப் படிப்பை ஏழாவது வருடமாகப் படித்துக்கொண்டிருந்தான். "என்ன தாத்தா, பேரப்பிள்ளைங்களோட உக்காந்திருக்கீங்க?" என்று ஒரு பேராசிரியர் முதல் நாள் கேட்டதிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. காலையில் டயர் கடையில் பஞ்சர் ஒட்டிவிட்டு, நகக்கண்ணில் கறுப்போடு வகுப்புக்கு வருவான். எல்லா அரியரையும் முடித்துவிட்டான். இந்த ஒரு விருப்பப் பாடம்தான் பாக்கி. ஏழு வருடத்துக்குள் முடிக்காவிட்டால் பட்டம் கிடையாது. அதனால் தொழிற்சாலைப் பாதுகாப்பு எடுத்திருந்தான். தீயணைக்கும் கருவியை ஒழுங்காக வரைந்தாலே தேறிவிடலாம் என்பார்கள்.

அவள் டயர் கடைக்கே போனாள்.

"அண்ணா, ஒரே ஒரு உதவி."

"அண்ணாவா? நேத்து வரைக்கும் தாத்தாவா இருந்தேன்."

"விளையாடாதீங்கண்ணா. அதிர்வியலுக்கு மாறிக்கங்க. செய்முறைக்குத்தான் பாதி மார்க். மூணு பேர் ஒரு குழு. என் குழுவுலயே நீங்க. நான் பாத்துக்கறேன்."

"எனக்கு அந்தக் கணக்கு வராதும்மா. இது போச்சுன்னா எல்லாம் போச்சு."

"நான் இருக்கேன்ல?"

அவன் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். ஒருமுறை மாற்றினால் மறுபடி மாற்ற முடியாது. பதினொன்று ஐம்பதுக்கு மாற்றினான். பாதுகாப்பில் அவன் விட்ட இடத்தை மூன்றாம் நிமிடமே வேறொருவன் பிடித்துவிட்டான்.

பாடம் நடப்பது உறுதியானதும், அதுவரை வேடிக்கை பார்த்த வகுப்பின் முதல் மாணவி துறைத் தலைவரிடம் சொல்லிப் பதினாறாவதாகச் சேர்ந்தாள். குழு பிரிக்கிற அன்று நேரே வெல்டர் மகளிடம் வந்தாள். "உங்க குழுவுல வரட்டுமா? கம்பெனிக்காரங்க செய்முறை அறிக்கையைத்தான் முதல்ல புரட்டுவாங்களாம்."

பதினாறை மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். வெல்டர் மகள் தாளில் தன் பெயர், அறைத்தோழியின் பெயர், முதல் மாணவியின் பெயர் என்று எழுதிக் கொடுத்தாள். தாத்தாவுக்கும் யாருமில்லை, எனக்கும் யாருமில்லை. இரண்டு பேரில் ஒருத்தர்தானே கரையேற முடியும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். அப்படி யார் சொன்னார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

"மிஞ்சினது யாரு, தாத்தாவா? தனியா பண்ணட்டும், வயசாச்சுல்ல" என்றார் பேராசிரியர். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள்.

இரும்புத் தகட்டைச் சுத்தியலால் தட்ட ஒருவர், சென்சாரை அசையாமல் பிடிக்க ஒருவர், திரையில் எண்ணைக் குறிக்க ஒருவர். மூன்று பேர் வேலையை அவன் ஒற்றை ஆளாகச் செய்தான். சென்சாரை முழங்கையால் அழுத்திக்கொண்டு தட்டினான். முழங்கை நடுங்கியதையும் கருவி சேர்த்து அளந்தது. "இதை ஒரு நிமிஷம் பிடிம்மா" என்று வெல்டர் மகளிடம் ஒரே ஒருமுறை கேட்டான். "எங்களுதே முடியல தாத்தா" என்றாள்.

அவளுக்கு வேலை கிடைத்தது. அவனுக்குத் தேர்ச்சி பெற நான்கு மதிப்பெண் குறைந்தது.

அவள் சான்றிதழ் வாங்கப் போன அன்று, அலுவலகக் கம்பித் தடுப்புக்கு முன்னால் அவன் மனுவோடு நின்றிருந்தான். இன்னொருவர் பேச்சை நம்பிப் பாடம் மாறினேன், குழுவில் சேர்க்காமல் விட்டார்கள், இன்னொரு வாய்ப்பு வேண்டும் என்று எழுதியிருந்தான்.

"வாய் வார்த்தைக்கெல்லாம் வாய்ப்பு தர முடியாதுப்பா. யார் சொல்லி மாறினே? அவங்க கையெழுத்து வேணும்" என்றார் எழுத்தர்.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். "இந்தப் பொண்ணுதான் சார்."

"ஆமாவாம்மா?"

அவள் பையில் வேலை உத்தரவு இருந்தது. கையெழுத்துப் போட்டால் விசாரணை வரும். விசாரணை கம்பெனி காதுக்குப் போனால்?

"இல்ல சார். அவரா வந்துதான் சேர்ந்தார்."

அவன் அவள் முகத்தை, குமிழி வருகிற இடத்தைத் தேடுகிறவன் போலப் பார்த்தான். எழுத்தர் மனுவைக் கம்பி இடுக்கு வழியே வெளியே தள்ளினார்.

"தள்ளி நில்லுப்பா. அடுத்து யாரு?"

"நான்தான் சார்" என்றாள் அவள்.