பதினாறு காட்டிய சென்சார்

என் காரில் பிஸ்டன் ஏற்கெனவே ஒரு தடவை உருகியிருக்கிறது. கார்புரேட்டரோடு பிறந்த பழைய பெட்டி கார் அது. அதற்கு ஒரு ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கிட்டை வாங்கி மாட்டி, எவ்வளவு பெட்ரோல் பீச்ச வேண்டும் என்று லேப்டாப்பில் நானே கணக்குக் கொடுத்தேன். குறைத்துக் கொடுத்துவிட்டேன். இலுப்பூர் சாலையில் ஒரு மேடு ஏறும்போது வண்டி புகையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டது.

லேத்தில் சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போட்டுக் கொடுத்தவர், "இதுக்கு மேல கொடைய எடமில்லைங்க. இன்னொரு தடவ உருகுச்சுன்னா எடைக்குத்தான் போடணும்" என்றார். அப்போது என் மனைவியும் பக்கத்தில் நின்றிருந்ததுதான் வினை.

"காதுல விழுந்துச்சாங்க? எடைக்கு."

அதிலிருந்து தூக்கத்தில்கூட பிஸ்டன் உருகும் சத்தம் கேட்டது. உருகும்போது பெரிதாகச் சத்தம் வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டது.

இந்தத் தடவை ஓர் ஆக்ஸிஜன் சென்சார் வாங்கினேன். சைலன்சர் குழாயில் மூக்கை நுழைத்துப் புகையை மோந்து, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று போகிறது என்று லேப்டாப்பில் எண்ணாகக் காட்டும். முழு ஆக்சிலேட்டரில் பன்னிரண்டரைப் பக்கம் நிற்க வேண்டும். பதினாலைத் தாண்டினால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம், சூடு ஏறும், பிஸ்டன் போகும்.

நான் பெரிய பக்திமான் இல்லை. பயம் வந்தால் மட்டும் ஆகிவிடுவேன். மாட்டுவதற்கு முன்னால் சாமான்களை எல்லாம் வாழை இலையில் பரப்பி, இன்ஜெக்டருக்கு, வயருக்கு, லேப்டாப் மூடிக்கு என்று சந்தனமும் குங்குமமும் வைத்தேன். என் உயிரே சென்சார் கையில் இருந்ததால் அதற்குக் கொஞ்சம் தாராளம்.

"பொட்டு வைக்கிறீங்களா, பூச்சு வேல பாக்குறீங்களா?" என்றாள் மனைவி.

மறுநாள் காரில், அவள் மடியில் லேப்டாப். எண்ணைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. மிதித்தேன்.

"பதினாறுங்க."

கொதிக்கிற எண்ணெயில் கால் பட்டவன் மாதிரி எடுத்துவிட்டேன். ஓரங்கட்டிப் பெட்ரோலைக் கூட்டினேன். மறுபடி மிதித்தேன்.

"பதினாறுதாங்க."

இன்னும் கூட்டினேன். பதினைந்தரை. இன்னும் கூட்டினேன். பின்னால் பைக்கில் வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைத் தாண்டும்போது, "அண்ணே, காரா ஓட்டுறீங்க, செங்கச் சூளையா?" என்று கத்திவிட்டுப் போனார்.

"பெட்ரோல் பத்தலைங்கிறீங்க. எனக்கு நாத்தத்துல கண்ணு எரியுதே" என்றாள் அவள்.

எனக்கும் எரிந்தது. அதைப் பயத்தில் வந்த கண்ணீர் என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. சென்சார் பட்டினி என்கிறது, பிளக் அஜீரணம் என்கிறது. சென்சாரையும் கழற்றினேன். வயர் நுழைகிற பின்பக்கத்தில் சந்தனம் வெந்து ஓடாகி உட்கார்ந்திருந்தது. அந்தச் சென்சார் பின்பக்கமாக வெளிக்காற்றை மூச்சிழுக்கும். அந்தக் காற்றோடு ஒப்பிட்டுத்தான் புகையைப் பற்றிச் சொல்லும். நான் அதன் மூச்சை அடைத்துவிட்டுக் கேள்வி கேட்டிருக்கிறேன்.

மனைவி சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டி, காயவிட்டு, மாட்டினேன். இப்போது காட்டியது பத்தே முக்கால். அதாவது, நான் ஊற்றியதை எல்லாம் திரும்ப எடுக்க வேண்டும். அங்கேதான் கை ஓடவில்லை. கூட்டுவது எவனும் செய்வான். போன தடவை பிஸ்டனைக் குடித்தது குறைக்கிற இதே பட்டன்தான். ஒரு சிட்டிகை குறைப்பேன், மிதிப்பேன், வியர்ப்பேன்.

"பதினொன்னே கால்." "பதினொன்னே முக்கால்." "பன்னண்டு."

அப்போது கேட்டது, டிக் டிக் டிக் என்று. எஞ்சின் தட்டுகிறது, பிஸ்டன் போகிறது! காலை எடுத்தேன், சத்தம் நின்றது. மிதித்தேன், வந்தது. வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

"முடிஞ்சு போச்சு புள்ள."

"என்னத்த முடிஞ்சு போச்சு?"

"டிக் டிக்குன்னு சத்தம் கேக்கல?"

அவள் லேப்டாப்பை லேசாக ஆட்டினாள். டிக் டிக். கண்ணாடி வளையல், லேப்டாப் விளிம்பில்.

"நல்லவேள, என்னைய எடைக்குப் போடாம விட்டீங்க" என்றபடி வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் கொறைங்க. இப்ப மிதிங்க."

குறைத்தேன். மிதித்தேன். எஞ்சின் ஒரே குரலில் இழுத்தது. மேடு வந்தது. நான் லேப்டாப் பக்கம் திரும்பவே இல்லை.

"எத்தன? சொல்லு, எத்தன?"

"பன்னண்டர. அசையல. காலை எடுக்காதீங்க" என்றாள். மேட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு டவுன் பஸ் முக்கி முனகிப் போய்க்கொண்டிருந்தது. "அங்கிட்டு வண்டி எதுவும் வரல. அந்த பஸ்ஸ முந்துங்க."

முந்தினேன். மிதிக்காத இடது கால்தான் நடுங்கிக்கொண்டிருந்தது.