நெடி வந்த நாட்கள், வராத நாட்கள்

என் மகளுக்கு ஏழு வயது. மூன்றரை வயதில் பேருந்துப் பலகைகளைப் பார்த்தே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவள். யாரும் சொல்லித் தரவில்லை. முதலியார்பேட்டையிலிருந்து கடற்கரைச் சாலைக்கு ஸ்கூட்டரில் போவதற்குள் பதினைந்து கேள்வி கேட்பாள். கடல் ஏன் ஒரு நாள் பச்சையாக இருக்கிறது, தெருப்பலகையில் ஏன் இரண்டு மொழி, சிக்னலில் தொண்ணூறு வினாடி என்று முடிவு செய்தது யார். எனக்குத் தெரிந்ததற்குப் பதில் சொல்வேன். தெரியாததற்கு, "வண்டி ஓட்டும்போது பேசாத பாப்பா" என்பேன். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிகிறதா? என்னால் முடியவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்திவிடுவேன். ஆடியில் வீராம்பட்டினம் தேருக்குப் போயிருந்தபோது, பெரியம்மா வீட்டில் இருபது பேருக்கு நடுவில் பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லவைத்தேன். எல்லோரும் வாயில் கை வைத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நிமிடமே பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை பேர் பார்த்துவிட்டார்களே, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கல் உப்பும் காய்ந்த மிளகாயும் கடுகும் கையில் எடுத்தேன். அவளைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து மூன்று முறை சுற்றினேன், துப்பச் சொன்னேன், அடுப்பில் பழைய தோசைக்கல்லைக் காயவைத்து அதில் போட்டேன்.

மிளகாய் கருகி நெடி வந்தால் கண் பெரிதாக ஒன்றும் இல்லை, வராவிட்டால் ஊர்க்கண் முழுக்க விழுந்திருக்கிறது. இப்படித்தான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். அன்று நெடி வந்தது. இருமிக்கொண்டே நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

பெருமையடித்துக்கொள்வதும் நான்தான், பயந்து சாவதும் நான்தான். நடுவில் பிள்ளை எதை எடுத்துக்கொள்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பள்ளி ஆண்டு விழாவில் பரிசு வாங்கினாள், சுற்றிப் போட்டேன். நெடி வரவில்லை. "பாத்தீங்களா, எவ்ளோ கண்ணு" என்று அவள் எதிரிலேயே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இரண்டு நாளில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அதற்கு அடுத்த மாதம் வினாடி வினாவில் பெரிய வகுப்புப் பிள்ளைகளை ஜெயித்து ஒரு கோப்பை கொண்டுவந்தாள். சுற்றினேன். அன்றும் நெடி வரவில்லை. மறுநாள் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில், ஐஸ் பேக்டரியில் மெக்கானிக்காக இருக்கும் என் வீட்டுக்காரருக்கு இயந்திரத்தில் கை மாட்டி நான்கு தையல் போட்டார்கள். "நேத்தே நெனச்சேன்" என்று நான் புலம்பியபோது அவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது கண்ணில்தான் பட்டது, மனதில் படவில்லை.

அதன் பிறகு பிள்ளை ஒரு மாதிரி ஆகிப்போனாள். ஸ்கூட்டரில் கேள்வி இல்லை. சிக்னலில் நின்றால் வெறுமனே முன்னால் பார்த்துக்கொண்டிருப்பாள். தொல்லை விட்டது என்று முதல் வாரம் நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வாரம் பள்ளியிலிருந்து வரச்சொன்னார்கள்.

வகுப்பாசிரியை இளம்பெண். மூன்று தேர்வுத்தாள்களை என் முன்னால் வைத்தார். இருபதுக்கு ஒன்பது, பதினொன்று, எட்டு. எனக்கு முகம் சுண்டிப்போனது. அவர் ஒரு தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இத பாருங்க மேடம். மொதல்ல சரியாதான் எழுதியிருக்கா. அத ரப்பர் வச்சி அழிச்சிட்டு, மேல தப்பா எழுதியிருக்கா. எல்லா கணக்கும் அப்டித்தான். தெரிஞ்சேதான் தப்பு பண்றா. கேட்டா வாயே தெறக்க மாட்டேங்கறா. திட்டாதீங்க. இப்டியே விட்டா கொஞ்ச நாள்ல அவளுக்கே பழகிடும், அதான் எனக்குப் பயமா இருக்கு."

திட்டாதீங்க என்றார். நான் வீடு வரைக்கும் திட்டினேன். "இன்னாடி திமிரு உனக்கு? யார் மேல கோவம்? ஊரே மெச்சுதுன்னு தலைக்கு ஏறிப்போச்சா?" அவள் என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் என் மூளை வழக்கம்போல ஒரே பக்கம் ஓடியது. யாரோ கண் வைத்துவிட்டார்கள், என் பிள்ளையின் அறிவு மழுங்கிப்போய்விட்டது. நேராக உப்பு ஜாடியைத் திறந்தேன்.

என் கையில் உப்பைப் பார்த்ததும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அப்படி அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

"நான்தான் தப்பா எழுதிட்டனேம்மா. இப்ப ஏன் சுத்தற?"

உப்பெடுத்த கை அப்படியே நின்றது. அவள் பள்ளிப்பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். கடைசிப் பக்கத்தில் அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டிருந்தாள். எதுக்கு, நெடி வந்துச்சா, அப்புறம் இன்னா ஆச்சி என்று மூன்று தலைப்பு. கீழே வரிசையாக எழுதியிருந்தாள். தேர்த் திருவிழா வாய்ப்பாடு, வந்துச்சி, ஒண்ணும் இல்ல. ஆண்டு விழா பரிசு, வரல, ஜொரம். வினாடி வினா கோப்பை, வரல, அப்பா கை. கடைசி வரி இப்படி இருந்தது: தப்பா எழுதுனேன், சுத்தல, அப்பா கை ஆறிடுச்சி.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு வயதுப் பிள்ளை, தன் அறிவு அப்பனைக் காயப்படுத்துகிறது என்று கண்டுபிடித்து, அந்த அறிவை ரப்பர் வைத்து அழித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்குப் பாடம் எடுத்தது நான். அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்தார். நோட்டைக் கொடுத்தேன். கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு அவளை மடியில் உட்காரவைத்து, தையல் பிரித்த கையைக் காட்டினார்.

"அன்னிக்கி கையுறை போடாம மெஷின்ல கைய வுட்டேன். போட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. என் தப்பு அது. உன் கோப்பைக்கும் அதுக்கும் இன்னாம்மா சம்மந்தம்?"

"நெடி வரலியே" என்றாள் அவள்.

அவர் நோட்டை மறுபடி பார்த்தார். சமையலறைப் பக்கம் திரும்பினார். "ஆமா, நான் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுனது எப்போ?"

மீன் வறுக்கிற வாசனை மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மாவுக்கு ஆகாது. அவர் சண்டைக்கு வந்ததால், தேர் முடிந்த கையோடு மாட்டிய ஃபேன் அது. அடுப்பைப் பற்றவைத்தால் என் கை தானாக அதன் சுவிட்சுக்குப் போய்விடும். சுற்றிப் போடும்போதும் போயிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவளோ, எத்தனையோ நாளைக்குப் பிறகு, கண்ணை அகல விரித்தாள்.

மூன்று பேரும் சமையலறைக்குப் போனோம். யாரையும் சுற்றவில்லை, யாரையும் மெச்சவும் இல்லை. வெறும் மிளகாய். ஃபேன் ஓடும்போது ஆறு மிளகாய் போட்டோம். கருகியது, ஒரு தும்மல்கூட வரவில்லை. ஃபேனை நிறுத்திவிட்டு இன்னொரு ஆறு போட்டோம். அவ்வளவுதான், கண்ணில் நீர் கொட்ட மூன்று பேரும் வாசலுக்கு ஓடினோம். மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, கொல்லப் பாக்கறியா எங்கள" என்றார். என் மகள் இருமிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் ஒரு மூட்டை மிளகாயைக் கருக்கியிருப்பேன்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் அவளைத் தேங்காய்த்திட்டுக்கு அழைத்துப்போய் அந்த இயந்திரத்தையே காட்டினார். கை மாட்டிய இடத்தைத் தள்ளி நின்று வெகுநேரம் பார்த்தாளாம். திரும்பி வரும்போது ஐஸ் ஏன் நடுவில் மட்டும் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். "தெரியலடி, கேட்டுச் சொல்றேன்" என்றாராம் அவர். இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. வகுப்பாசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த தேர்வுகளில் அவளிடம் ரப்பர் வேண்டாம் என்று மட்டும் சொல்லிப் பேனா கொடுத்தார். விருந்தாளிகள் வந்தால் நான் இப்போது தண்ணீர்தான் கொடுக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு தாளைக் கொண்டுவந்தாள். இருபதுக்கு இருபது. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நல்லா எழுதியிருக்கடி" என்றேன். உண்மையான சந்தோஷம்தான். ஆனாலும் அந்தப் பழைய பயமும் கூடவே வந்ததை நான் மறைக்க முடியாது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"பயமா இருக்காம்மா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கொஞ்சம் இருக்கு" என்றேன்.

அவளே ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, உப்பு ஜாடியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"பரவால்ல, சுத்திக்கோ. ஃபேன நிறுத்திட்டு சுத்து. அப்பதான் நெடி வரும், உனக்குப் பயம் போவும்."