அலமாரிக்குள் போன விரிப்புகள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் வாயில்லாப்பூச்சி என்பார்கள். படுக்கை விரிப்புகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. திங்கட்கிழமைக்குள் கண்டுபிடிக்காவிட்டால் வேலை இல்லை என்று மேலாளர் அவளிடம் சொல்லிவிட்டார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வார்டு வார்டாகப் போனாள். மூன்றாவது வார்டில் நர்ஸ் அலமாரியைத் திறந்ததும் விரிப்புகள் சரிந்து விழுந்தன.

“என்னக்கா, கடை போட்டிருக்கீங்களா?”

“நீ லேட்டா கொண்டுவர்றே. அதான் பதுக்கி வச்சேன்.”

மற்ற வார்டுகளிலும் அதே கதைதான். பதுக்கியதால் விரிப்பு குறைந்தது, குறைந்ததால் தாமதமானது, தாமதத்துக்குப் பயந்து இன்னும் பதுக்கினார்கள். திருடியவர் யாருமில்லை.

இதை மேலாளரிடம் சொல்ல வேண்டும். ஆனால் அவளும் இஸ்திரி மேசைக்கடியில் அவசரத்துக்கென்று பத்து விரிப்புகளை ஒளித்து வைத்திருந்தாள். அவற்றை அள்ளிக்கொண்டு போய் மேலாளரின் கதவைத் தட்டினாள்.