சந்தனம் வச்ச சிடி

எங்க பேண்டோட முதல் ஆல்பம் நேத்து பெட்டியில வந்து இறங்குச்சு. பவர் மெட்டல். வேகமான கிட்டாரு, இடி மாதிரி ட்ரம்ஸ், அதுக்கு மேல உச்சத்துல என் குரல்.

"கத்துறதுக்கா காலேஜுக்கு அனுப்புனேன்?"னு ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கேட்ட எங்க அய்யா, அதுக்கப்புறம் என் பாட்டைப் பத்திப் பேசுனதே இல்ல.

இன்னைக்குக் காலையில முதல் சிடியை அவர்கிட்ட குடுத்தேன். அதைத் துண்டுல சுத்திக்கிட்டு கருப்பசாமி கோயிலுக்குக் கெளம்பிட்டாரு. எங்க வீட்டுல முதல் மூட்டை மிளகாயும் புது மோட்டாரும் சாமிகிட்ட போயிட்டுத்தான் வரும்.

திரும்பி வந்து, "போடு ஆத்தா, கேப்போம்"னாரு.

உறையைத் திறந்தா, சிடியோட பளபளன்னு இருக்க பக்கம் பூரா சந்தனம், குங்குமம். பூசாரி மோட்டாருக்கு வைக்கிற மாதிரியே வச்சிருக்காரு. அய்யா பாத்துக்கிட்டே நிக்கிறாரேன்னு அப்படியே போட்டேன். பிளேயர் ரெண்டு சுத்து சுத்திட்டு நின்னுருச்சு.

"துடைச்சுட்டுப் போடவாய்யா?"

"சாமி சந்தனத்தையா துடைக்கப் போற?"

பெட்டியிலருந்து வேற ஒண்ணு எடுத்தேன்.

"சாமி பாக்காதது எனக்கு வேணாம்."

ரெண்டு வருசம் காத்திருந்தவ, இன்னும் ஒரு நாள் இருக்க மாட்டேனா? நாளைக்கு நானே இன்னொரு சிடியோட கோயிலுக்குப் போறேன். சந்தனத்தை உறை மேல வைங்கன்னு பூசாரிகிட்ட சொல்லணும்.

நாளையோட கருப்பசாமியே ரெண்டு காப்பி வாங்கிருவாரு. நீங்க எப்ப?