பெட்டிக்காரரின் ‘போட்டு வாறன்’

பலெர்மோவில் என் மாமா இறந்தபோது, இறுதிச் சடங்கு நடத்தும் நிலையத்திலிருந்து ஒரு சிசிலிக்காரர் வந்தார். வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம், கறுப்புக் கோட்டு. மாமாவின் தலையை வாரிவிடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். குளிர்ந்த கையால் தொடக்கூடாதாம்.

அடக்கம் முடிந்ததும், சவப்பெட்டி மேலிருந்த சிலுவையை வீட்டுக்குக் கொண்டுவந்து மாமியிடம் கொடுத்தார். பிறகு எங்கள் ஆட்களிடமிருந்து பொறுக்கிய தமிழில், “அம்மா, போட்டு வாறன்” என்று பணிவாகச் சொன்னார்.

வீடே திகைத்தது. செத்த வீட்டில் யாரும் ‘போய்விட்டு வருகிறேன்’ என்று விடைபெறுவதில்லை; பேசாமல் எழும்பிப் போய்விடுவோம். அதுவும் பெட்டிக்காரரே திரும்பி வருவேன் என்றால்?

“ஐயோ தம்பி, நீங்கள் இனி இஞ்சை வராதேங்கோ!” என்ற மாமி, அழுத கண்ணோடு சிரித்துவிட்டார். நான் காரணத்தை இத்தாலியனில் விளக்கியதும் மனிதர் காது வரை சிவந்து, வாயைப் பொத்திக்கொண்டு வெளியேறினார்.

போன கிழமை கபோ சந்தையில் அவரைக் கண்டேன். கையில் கத்தரிக்காய்ப் பை. மாமியைச் சுகம் விசாரித்தார். சந்தை செத்த வீடு இல்லையே என்ற தைரியத்தில், புறப்படும்போது உரத்துச் சொன்னார்: “போட்டு வாறன்!”

“ஓம், போட்டு வாங்கோ” என்று சொல்ல வாயெடுத்து, பெட்டிக்காரரையா திரும்பி வரச் சொல்வது என்று, கையை மட்டும் ஆட்டினேன்.