நடுங்காத மெஷின்

எங்கள் பட்டறை மேசைக்கு மேலே கொக்கியில் ஒரு மோட்டார் தொங்குகிறது. உரித்த தேங்காய் அளவு, கறுப்பு நிறம். அதிலிருந்து ரப்பர் உறை போட்ட நீளமான தண்டு ஒன்று வளைந்து இறங்கும். நுனியில் கைப்பிடி, காலடியில் பெடல். தையல் மெஷினை மிதிப்பதுபோல மிதித்தால் கைப்பிடியில் மாட்டிய பிட், அதாவது வெட்டுகிற முனை, சுற்றும். மேசையின் வலது பக்கம் இன்னொன்று இருக்கிறது, மைக்ரோமோட்டார். பேனாவைவிடக் கொஞ்சம் தடித்த கைப்பிடிக்குள்ளேயே மோட்டார் அடங்கிவிடும். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு திருகு. இந்த இரண்டில் எது நல்லது என்று புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். காப்பு, கொலுசு என்று கனமான வேலைக்குத் தொங்குகிற மோட்டார், கல் பதிக்கவும் நுணுக்கமான பூ வெட்டவும் சின்னது என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் நானும் என் கணவரும் அதைச் சொல்லி முடிக்கப் பாதிக் கல்யாண வாழ்க்கை போயிற்று.

உக்குவளையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. முன்னறைதான் பட்டறை. மாத்தளை டவுன் நகைக் கடைகளுக்குச் செய்து கொடுப்போம். பழகிய குடும்பங்கள் வீடு தேடியும் வருவார்கள். உருக்குவது, பற்றவைப்பது, கல் பதிப்பது அவர். அரத்தால் ராவுவதும் மெருகு போடுவதும் என் பங்கு. ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வேலை செய்கிற புருஷன் பெண்டாட்டி எப்படிச் சண்டை போடாமல் இருப்பார்கள்? முதலில் ஒரு கைமெஷின் வாங்கினோம், மோட்டாரையே கையில் தூக்கிப் பிடித்து வேலை செய்கிற சாமான். கொஞ்ச நேரத்திலேயே சூடேறி, கை முழங்கை வரை மரத்துப்போகும். நகைக்கு லாயக்கில்லை என்று கண்டுகொண்டு, கடைசியில் அதை வைத்துச் சுவரில் சாமிப் படம் மாட்ட ஓட்டை போட்டார். பிறகுதான் தொங்குகிறதா, சின்னதா என்ற வழக்கு ஆரம்பமானது.

"ஒரு வெள்ளிக் காப்ப அழுத்திப் பிடிச்சா உன் பேனா மெஷின் பட்டுன்னு நின்னுரும் புள்ள. இது நிக்காது. எருமை மாதிரி இழுக்கும்" என்பார்.

"எருமைய நீங்களே மேய்ங்க. அந்தத் தண்டு ஆடுற ஆட்டத்துல என் கை தந்தியடிக்குது" என்பேன் நான். வழக்கில் அவர்தான் ஜெயித்தார். தொங்கும் மோட்டார் வந்தது. நான் விட்டேனா? அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்த அன்றே, எனக்கு எப்போது சின்ன மெஷின் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பெடலை மிதித்து என் பேச்சுக் கேட்காதபடி செய்தார். அந்தச் சிரிப்புக்கு எனக்கு வருகிற கோபம் இருக்கிறதே!

அவருடைய வேலைக்கு அழகு அவருடைய கட்டைவிரல். வேலை முடிந்த மோதிரத்தை உள்ளும் புறமும் விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவுவார், அந்த நேரம் கண்ணை மூடிக்கொள்வார். கண்ணுக்குத் தெரியாத பிசிறு விரலுக்குத் தெரியும். "இந்தா, இங்க குத்துது" என்று என்னிடம் திருப்பித் தருவார். நான் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், ஒன்றும் இருக்காது; அவர் காட்டிய இடத்தில் ஒரு தடவை அரம் போட்டால் சரியாகிவிடும். எனக்கு எரிச்சலாக வரும், பெருமையாகவும் இருக்கும்.

சீனி வியாதி அவருக்கு வெகு காலமாக இருந்தது. மாத்திரை போடுவார், கூடவே சீனி போட்ட தேத்தண்ணியும் குடிப்பார். சொன்னால் கேட்கிற ஜென்மமா? கிளினிக்கில் காலைச் சோதித்துவிட்டு, நரம்பு பழுதாகிக்கொண்டு வருகிறது, கவனமாக இருங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவருக்கு ஒரே பயம். சாகிற பயமில்லை. மேசையை விட்டு எழும்பச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். "வேலைய விடச் சொன்னா அன்னைக்கே என்னையக் கொண்டு போய்ப் பொதச்சிருங்க" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னார். பேச்சைப் பாரு என்று திட்டினேன். திட்டினேனே தவிர, அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் புதிதாக ஒரு பழக்கம் பிடித்தார். முடித்த மோதிரத்தை விரலால் தடவாமல் கீழ் உதட்டில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கட்டின பொண்டாட்டிக்கு இல்லாத முத்தமெல்லாம் ஊரார் மோதிரத்துக்கு நடக்குது" என்றேன். அவரும் சிரித்தார். "பொறாமைப்படாத. உதட்டுக்குத்தான் நல்லாத் தெரியுது" என்றார்.

பல்லேபொலயிலிருந்து ஓர் அம்மா மகளுடைய தோட்டைக் கொண்டுவந்திருந்தார். சிவப்புக் கல் வைத்த பழைய சோடி. அழுக்கு எடுத்து மெருகு போட்டுத் தர வேண்டும், அம்மன் கோவில் தேருக்கு மகள் போடுவாள் என்றார். அன்று எனக்குச் சமையல் வேலை இருந்ததால் என் கணவரே மோட்டாரில் மெருகு பிரஷ்ஷை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அடுப்படியில் நான் நிற்கும்போது மோட்டார் திடீரென்று அலறியது. அவர் மிதிக்கிற மிதி எனக்குத் தெரியும், அது அவருடைய மிதியே இல்லை. ஓடி வந்து பார்த்தால் தோடு சுவரில் அடித்துக் கீழே கிடக்கிறது, கல் இரண்டாகப் பிளந்திருக்கிறது. அவர் பெடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சனியன் பிடிச்ச பெடல் மாட்டிக்கிச்சு" என்றார். அன்று பின்னேரம் அவர் வேறு கல் தேடி டவுனுக்குப் போன பிறகு நான் பெடலைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்பிரிங் நன்றாக இருந்தது. வயர் நன்றாக இருந்தது. என் காலால் மிதித்தேன், சொன்னபடி கேட்டது. எவ்வளவு மிதிக்கிறோம் என்று அவருடைய காலுக்குத் தெரியவில்லை, வேறொன்றுமில்லை.

அதை எப்படி அவரிடம் சொல்வது? சொல்லவில்லை. பெடல் பழுது, இனி அதற்குச் சாமான் கிடைக்காது, பெடலே இல்லாத சின்ன மெஷினை இப்போதாவது வாங்குவோம் என்று பழைய வழக்கைத் திரும்ப எடுத்தேன். திருகைக் கையால் திருப்பி வேகம் வைக்கலாம், காலுக்கு அங்கே வேலையில்லை. கால் போனால் போகட்டும், கை இருக்கிறதே, அந்தத் தங்கமான கையை வைத்து இன்னும் எத்தனையோ வருஷம் மேசையில் உட்காருவார் என்று நினைத்தேன். அவர் சண்டை போடாமல் சரி என்றதும் எனக்கே ஆச்சரியம்.

கண்டியில் ஒரு தொழிற்சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரர் பித்தளைத் துண்டு ஒன்றைக் கொடுத்து, புது மாதிரித் தொங்கும் மோட்டாரையும் மைக்ரோமோட்டாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். முதலில் நான் பார்த்தேன். சின்னது கையில் இருப்பதே தெரியவில்லை, எழுதுவதுபோல ஓடியது. எனக்கு வாயெல்லாம் பல். பிறகு அவர் வாங்கி நெடுநேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்தார். கடைக்காரர் பொறுமையாக நின்றார். கடைசியில் சின்னதை உயர்த்திக் காட்டி, "இது நடுங்கவே இல்ல புள்ள. நீ சொன்னதுதான் சரி. இத்தனை வருஷமா வீணா உன்னைய வாட்டிட்டேன்" என்றார். ஆளை ஜெயித்துவிட்டேன்! கண்டியிலிருந்து உக்குவளை வரை ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நான் அப்பவே சொல்லலியா, நான் அப்பவே சொல்லலியா என்று அவரைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தபடியே வந்தார்.

அந்த மெஷினில் அவர் அதிகம் வேலை செய்யவில்லை. ஏதாவது சாக்குச் சொல்லி என்னிடம் தள்ளிவிடுவார். பிறகு சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்றார்கள். முகம் ஊதியது, கால் ஊதியது, கையும் ஊதியது. இரத்தம் சுத்தம் செய்ய இடது கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்கு முன்னால் அந்தக் கையிலுள்ள மோதிரத்தைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ் சொன்னார். எங்கள் கல்யாண மோதிரம், அவரே செய்து போட்டுக்கொண்டது. சவர்க்காரம் போட்டுப் பார்த்தோம், நூல் சுற்றிப் பார்த்தோம். அசையவில்லை. அங்கேயே வெட்டித் தருவோம் என்று மிஸ் சொன்னதற்கு அவர் தலையாட்டவில்லை.

கல்யாண நகையை வெட்டுகிறது என்று எங்கள் பட்டறையில் சொல்வதில்லை. தாலிக்கொடி அறுந்து வருகிறவர்கள்கூடப் பெருகிப் போச்சு என்றுதான் சொல்லி நீட்டுவார்கள். வீட்டுக்கு வந்ததும் இவர் பட்டறை மேசைமேல் கையை வைத்து, "இந்தா, பெருக்கிடு. வேற யாரும் கை வைக்க வேணாம்" என்றார். முடியாது என்று அழுதேன். "தொழில்காரிதானே நீ? அழுதுகிட்டே டிஸ்க் பிடிச்சா கை போயிரும், கண்ணைத் துடை" என்று அதட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மோதிரத்துக்கும் சதைக்கும் நடுவில் மெல்லிய செப்புத் தகடு ஒன்றைச் செருகி, சின்ன மெஷினில் வெட்டுகிற டிஸ்க்கை மாட்டி, வேகத்தைக் குறைத்து, தண்ணீர் தொட்டுத் தொட்டு மெல்ல வைத்தேன். அவருக்கு வலிக்கக் கூடாது, அது மட்டும்தான் என் நினைப்பு. "சுடுதாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இல்ல, இல்ல என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மோதிரம் விட்டது. விரித்து எடுத்துவிட்டுத் தகட்டை உருவக் கை வைத்தேன். சுரீரென்று சுட்டது. தகட்டைக் கீழே போட்டுவிட்டு என் விரலை வாயில் வைத்தேன். அவ்வளவு நேரமும் அந்தத் தகடு அவர் விரலோடு ஒட்டியல்லவா கிடந்தது? தகடு கிடந்த இடத்தில் தோல் சிவந்து, ஒரு கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது.

"ஐயோ! என்னங்க இது? சுடலன்னு சொன்னீங்களே!"

அவர் விரலைக் கிட்டக் கொண்டுவந்து, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். "சுட்டிருக்கும் போல" என்றார்.

எப்போதிருந்து இப்படி என்று கேட்டேன்.

"மோதிரத்துக்கு முத்தம் குடுக்குறேன்னு சிரிச்சியே, அப்பவே விரல்ல ஒன்னும் தெரியல. ரெண்டு கையும்தான். சொன்னா நீ என்னைய மேசையில இருந்து எழுப்பிருவ."

"அப்ப கண்டியில? ரெண்டு மெஷினையும் அவ்வளவு நேரம் பிடிச்சுப் பார்த்தீங்களே?"

"எனக்கு ரெண்டும் ஒன்னாத்தான் இருந்துச்சு. எதைச் சொல்றதுன்னு உன் மூஞ்சியப் பார்த்தேன். சின்னதைப் பிடிச்சப்ப உனக்கு அவ்வளவு சந்தோஷம். சரி, இனி இவதானே ஓட்டப்போறான்னு..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

மோதிரத்தை அன்றே பற்றவைத்து மெருகு போட்டு வைத்தேன். கை வீக்கம் வற்றவே இல்லை. கொஞ்ச காலம் மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து என் வேலையில் குறை சொன்னார். குறை சொல்ல முடியாமல் போனதும் படுத்துவிட்டார். அடுத்த தைப்பொங்கலுக்கு அவர் இல்லை.

இப்போது எல்லா வேலையும் சின்ன மெஷினில்தான். நல்ல மெஷின். ஆனால் நடுங்கவே இல்லை என்று அவர் சொன்னாரே, அது சரியில்லை. டிஸ்க் சுழன்றதும் விரல் நுனியில் ஒரு மெல்லிய அதிர்வு ஏறும், மடியில் படுத்த பூனையைத் தடவும்போது தெரிகிற அளவு. வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டிய முதல் நாளே எனக்கு அது தெரிந்தது. ஆசையாக வாங்கிக் கொடுத்த மனுஷனிடம் எதற்குக் குறை சொல்ல வேண்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். காலையில் சுவிட்சைப் போட்டுக் கைப்பிடியை எடுத்ததும் அந்த அதிர்வு என் விரலில் ஏறுகிறது. இவ்வளவு தெளிவாகத் தெரிவது அவருக்குத் தெரியவில்லையே என்று நெஞ்சு வெடிக்கிறது. மெஷினை நிறுத்திவிட்டு அழுகிறேன். அழுது முடிந்ததும் திரும்பப் போடுகிறேன்.