ஜனவரியில் பிடித்த கறுப்புப் பலகை

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸை விட்டு துவாரகாவில் சொந்த வீட்டுக்கு மாறவிருந்த சமயம். மொட்டை மாடித் தரைக்கு மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகை போடுவதென்று முடிவு செய்து, ஜனவரிக் குளிரில் ஷூவும் கம்பளி சாக்ஸுமாகக் கடைக்குப் போனோம். "கரையான் வராது, மழையில் ஊறாது" என்றார் கடைக்காரர். வெளிர் நிறம் அழுக்காகுமே என்று நான்தான் கறுப்பைத் தேர்ந்தெடுத்தேன்.

மே மாதம் கிரகப்பிரவேசம். ஹோமம் முடிந்ததும், உச்சி வெயிலில், எல்லோரையும் மாடி பார்க்க அழைத்துப் போனேன். செருப்பெல்லாம் கீழே வாசலில். முதலில் கால் வைத்த சாஸ்திரிகள் பஞ்சகச்சத்தைத் தூக்கிக்கொண்டு குதித்தார். "என்ன மாமா, தாண்டவம் ஆடறேளா?" என்று கேட்ட என் கணவர் அடுத்த அடியில் தானும் ஆடினார். நான் பதறிப்போய் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் கொட்டினேன். நல்லவேளை, யார் காலும் கொப்பளிக்கவில்லை. பந்தியில் எல்லோரும் சிரித்த சிரிப்பில் பாயசம் ஆறிப்போனது.

இப்போது அந்தப் பலகையில் வடாம் காயப்போடுகிறேன். காலையில் பிழிந்தால் சாயங்காலம் பொரிக்கலாம்.

நொய்டாவில் வீடு கட்டிய தங்கைக்காக அதே கடைக்குப் போனபோது, கறுப்புப் பலகை ஒன்றை ஜூன் வெயிலில் போடச் சொல்லி, சூடேறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு தானும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியவர், உடனே இறங்கி, "மேடம், லைட் கலர் ஹீ அச்சா ஹை" என்றார், வெளிர் நிறம்தான் நல்லது என்று.